ஜூரி லெட்டர் வந்துச்சு, சம்பளம் கட் ஆகும்னாங்க, நான் சமாளிச்ச கதை

லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருக்கேன், குடோன் வேலை, ஒரு நாளைக்கு 104 பவுண்டு. 2024ல ஜூரி சம்மன், அதாவது கோர்ட்ல கேஸ கேட்டு குற்றவாளியா இல்லையான்னு சொல்ல பொதுமக்கள கூப்பிடுற லெட்டர் வந்துச்சு, நம்ம ஊர்ல இல்லாத சமாச்சாரம்ங்கிறதால முதல்ல ஏதோ கேஸ்ல மாட்டிக்கிட்டோமோன்னு வயித்த கலக்கிடுச்சு.

மேனேஜர்கிட்ட காட்டினா "லீவு தரேன், காசு கிடையாது"ன்னுட்டார். சட்டப்படி லீவு குடுத்தே ஆகணும், சம்பளம் குடுக்கணும்னு கட்டாயம் இல்ல. கோர்ட் குடுக்கறது முதல் 10 நாளைக்கு தினம் அதிகபட்சம் 64.95 பவுண்டு, அதுவும் 4 மணி நேரத்துக்கு மேல போனாதான், இல்லன்னா பாதி. சாப்பாட்டுக்கு 5.71, பஸ் ட்ரெயின் காசு தனி. 10 நாளைக்கு கணக்கு போட்டா கிட்டத்தட்ட 400 பவுண்டு துண்டு விழுது, வாடகை மாசத்துல!

சரின்னு தேதிய தள்ளி வைக்க சொல்லி எழுதினேன், ஒரே ஒரு தடவைதான் தள்ளலாம், 12 மாசத்துக்குள்ள வேற தேதி நாமளே சொல்லணும். மூணு மாசம் தள்ளிக்கிட்டு சனிக்கிழமை ஓவர்டைம் பாத்து அந்த துண்ட அடைச்சேன். முக்கியமா, சம்பள இழப்பு ஃபார்ம முன்னாடியே ஆபீஸ்ல குடுத்து கையெழுத்து வாங்கிட்டேன், கூட வந்த ஒருத்தர் அதில்லாம கடைசி நாள் வரைக்கும் ஹெச்ஆருக்கு போன் போட்டுட்டே இருந்தார் பாவம்.

ஸ்னேர்ஸ்புரூக் கோர்ட்ல பாதி நேரம் சும்மா உக்காந்திருக்கறதுதான். புளிசாதம் கட்டிட்டு போய் வாசல் குளத்துகிட்ட வாத்த பாத்துட்டே சாப்பிட்டேன், அந்த 5.71 மிச்சம். ஜூரி ரூம்ல என்ன பேசினோம்னு கேக்காதீங்க, அத வெளிய சொல்லக்கூடாது. க்ளெய்ம் போட்டு ரெண்டு வாரத்துல காசு அக்கவுண்ட்ல விழுந்துடுச்சு.