இதய நோயாளிக்கு உதவப் போய் நாம் செய்யும் தவறுகள்

நம் குமரி மாவட்டத்தில், குளச்சலிலோ மார்த்தாண்டத்திலோ ஒருவருக்கு இதய ஆபரேஷன் என்றால், ஒரே வாரத்தில் ஊர் சேர்ந்து பணம் திரட்டிவிடும். கோயில், சர்ச், பள்ளிவாசல், இளைஞர் மன்றம் என்று யாரும் பின்வாங்குவதில்லை. அந்த மனசு பெரியது. ஆனால் அந்தப் பணம் போய்ச் சேரும் விதத்தில் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதலில், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்காமலே வசூலைத் தொடங்கிவிடுகிறோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, தமிழ்நாடு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். நகையை அடகு வைப்பதற்கு முன் இதை விசாரியுங்கள். நம்மூர்க்காரர்கள் பாதிப் பேர் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறார்கள். அங்கே சேரும் ஆஸ்பத்திரியில் இந்த அட்டை செல்லுமா என்பதையும் அட்மிட் ஆகும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

என்னை அதிகம் வருத்துவது அடுத்த தவறு. ஆபரேஷன் முடிந்ததும் நம் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் உள்ளே ரத்தம் கசியும். அதனால்தான், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்கிறார்கள். ஒரு வாரம் முருங்கைக்கீரையை அள்ளிச் சாப்பிட்டுவிட்டு மறுவாரம் தொடாமல் விட்டால்கூட அந்த ஐ.என்.ஆர். அளவு மாறும். மாத்திரை, பரிசோதனை, பஸ் செலவு, ஒரு நாள் கூலி என்று இது மாதாமாதம் வரும். மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோனாலோ, மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம் வந்தாலோ வீட்டில் முதலில் நிற்பது அந்த மாத்திரைதான். எங்கள் தெருவில் ஓர் அக்கா அப்படித்தான் இரண்டு வாரம் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டார். ஊரே பணம் போட்டு ஆபரேஷன் செய்துவைத்த ஆள், அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று கூச்சம். ஒரு மன்றம் ஒரே ஒரு நோயாளியின் ஒரு வருட மாத்திரையை ஏற்றுக்கொண்டால் அது பெரிய உதவி. ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி தவறாமல் பார்த்துக்கொள்வதும் அப்படியே. வால்வு கெட்டு ஆபரேஷன் வரை போகாமல் காப்பது அந்த ஊசிதான்.

இதயப் பரிசோதனை முகாம் நடத்துபவர்களுக்கு ஒன்று: இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்றால் இதய ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை என்று அர்த்தமில்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, கூடுதலாக இருப்பவர்களை அடுத்த மாதமும் தேடிப் போய்ப் பாருங்கள்.

நெஞ்சுவலி வந்தவரை ‘வாயு’ என்று சோடா கொடுத்து உட்கார வைக்காதீர்கள். நல்ல ஆஸ்பத்திரி என்று பைக்கில் வைத்துத் திருவனந்தபுரத்துக்கு ஓட்டவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கடைசித் தவறு, மருத்துவ ஆராய்ச்சிக்கு நன்கொடை கொடுப்பது வீண் என்ற எண்ணம். திருவனந்தபுரம் பூஜப்புரையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே முந்தைய மாதிரிகள் தோற்ற பிறகும் விடாமல் உழைத்துத்தான் இதய அறுவை நிபுணர் டாக்டர் வலியத்தானின் குழு இந்தியாவின் சொந்த இதய வால்வை உருவாக்கியது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தோற்ற மாதிரிகளுக்குச் செலவழித்த ஆண்டுகள் இல்லாமல் அந்த வால்வு இல்லை. அப்படிப்பட்ட ஆய்வுக்குக் கொடுப்பவர்கள் வருமான வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடைக்காது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ அனுப்புங்கள்.