மின்ஸ் பை: சூயட்டை அலட்சியப்படுத்தினால் எல்லாம் கெடும்

கிறிஸ்துமஸுக்குப் பல வாரங்கள் முன்பே இங்கிலாந்துக் கடைகளில், மாவு ஓட்டுக்குள் இனிப்புப் பழப் பூரணம் வைத்துச் சுடும் சிறு பண்டமான மின்ஸ் பை பெட்டி பெட்டியாக வந்து இறங்கிவிடும். ஆனாலும் அதை வீட்டில் செய்ய வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வருகிறது. எங்கள் ஊர்த் தேவாலயக் கூடத்தின் சமையலறையில் ஒவ்வோர் ஆண்டும் புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் தொடக்கத்தில் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். ஓவனை முன்கூட்டியே சூடாக்க மறப்பது, அளவு பார்க்காமல் மாவைக் கொட்டுவது போன்றவற்றை எந்தச் சமையல் குறிப்பும் எச்சரித்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சூயட்டை உருக்காமல் சீசாவில் அடைப்பது

பைக்குள் வைக்கும் பூரணம்தான் மின்ஸ்மீட். பொடியாக நறுக்கிய புளிப்பு ஆப்பிள், பல வகை உலர்திராட்சை, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல், கருஞ்சர்க்கரை, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், பிராந்தி, இவற்றோடு சூயட். மாட்டின் அல்லது ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்புக்குத்தான் சூயட் என்று பெயர். துருவலாகப் பெட்டியில் கிடைக்கும். மாட்டுக் கொழுப்பு வேண்டாம் என்பவர்களுக்குத் தாவர எண்ணெயில் செய்த சைவ சூயட்டும் அதே அலமாரியில் இருக்கும்.

"இவ்வளவு கொழுப்பு எதற்கு?" என்று கேட்டுக்கொண்டே பாதியைக் குறைக்கிறார்கள். இன்னும் சிலர் சூயட்டை ஒதுக்கிவிட்டு வெண்ணெயைப் போடுகிறார்கள். அளவு சரியாக இருந்தாலும் எல்லாவற்றையும் பச்சையாகக் கலந்து சீசாவில் அடைத்துவிடுபவர்கள்தான் அதிகம். சூயட்டைச் சுவைக்காக மட்டும் சேர்ப்பதாக நினைப்பதால் வரும் வினை இது. பூரணத்தைக் கெடாமல் காப்பதே அதன் முதல் வேலை.

ஆப்பிளில் நீர் அதிகம். அரிந்த துண்டுகளைச் சர்க்கரையில் போட்டதும் சாறு கசியத் தொடங்கும். அந்தச் சாறு பாகைத் தளர்த்தும். பழத்தோலில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட்டுக்கு அது போதும். சில வாரங்களில் பூரணம் நொதித்துவிடும். குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்தால் சூயட் உருகி ஒவ்வொரு துண்டின் மேலும் பூசிக்கொள்ளும். சாறு வெளியேற வழி இருக்காது. சூயட் உருக 45 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும் என்பதால் அலமாரியில் அந்தப் பூச்சு கெட்டியாகவே நிற்கும். வெண்ணெயோ 35 டிகிரிக்குள் இளகிவிடும். போதாக்குறைக்கு அதற்குள்ளேயே ஆறில் ஒரு பங்கு நீர் இருக்கிறது.

வகுப்புக்கு வந்த ஓர் இளைஞர் சென்ற நவம்பரில் நல்ல பிராந்தியாகப் பார்த்து வாங்கி, அலுவலக நண்பர்களுக்குப் பரிசளிக்க வரிசையாகச் சீசாக்களை நிரப்பினார். சூடாக்கச் சொன்னதைச் செய்யவில்லை. பிராந்திதான் இருக்கிறதே, கெடாது என்று எண்ணிவிட்டார். டிசம்பர் நடுவில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மூடியின் நடுப்பகுதி மேலே புடைத்திருந்தது. திருகியதும் உஸ்ஸென்று காற்று வெளியேறியது. பழங்களுக்கிடையே சிறு குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. காடி வாடை அடித்தது. அத்தனையையும் குப்பையில் கொட்ட வேண்டியதாயிற்று. இவ்வளவு நல்ல பொருள்கள் மூன்று மணி நேரப் பொறுமை இல்லாமல் வீணாவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

செய்முறை எளிது. 450 கிராம் ஆப்பிளுக்கு 225 கிராம் சூயட். பிராந்தி தவிர எல்லாவற்றையும் கலந்து, மூடி, ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் 120 டிகிரி ஓவனில் மூன்று மணி நேரம் வையுங்கள். வெளியே எடுக்கும்போது பழமெல்லாம் கொழுப்பில் மிதக்கும். பயந்து வடித்துவிடாதீர்கள். ஆறும்வரை அவ்வப்போது கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கிளறலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் கொழுப்பு மேலே ஏடாகப் படிந்துவிடும், கீழே இருக்கும் பழத்துக்குக் காவல் இருக்காது. முழுதும் ஆறிய பின், கொதிநீரில் கழுவி ஓவனில் உலர்த்திய சீசாவில் அடையுங்கள். குறைந்தது இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் மசாலாவும் பழமும் ஒன்றாகியிருக்கும்.

ஆங்கிலேயர் வேறு எதை விட்டாலும் இந்தக் கொழுப்பை விடவில்லை. 1615-இல் அச்சான ஒரு குறிப்பில் ஒரு முழு ஆட்டுத்தொடையின் இறைச்சியே உள்ளே போகிறது, சூயட்டோடு. 1861-இல் வந்த புகழ்பெற்ற இல்லப் பராமரிப்பு நூலில் மாட்டிறைச்சி சேர்த்த பூரணமும் சேர்க்காத பூரணமும் அருகருகே இருக்கின்றன. இரண்டிலும் சூயட் உண்டு. பிறகு இறைச்சி மெல்லக் காணாமல் போயிற்று.

சூட்டோடு பிராந்தி ஊற்றுவது

ஆவியாகிவிடும். ஆறிய பின் ஊற்றுங்கள்.

குழியைத் தளும்ப நிரப்புவது

குழிப்பணியாரச் சட்டியைப் போன்ற பன்னிரண்டு குழித் தட்டில்தான் பை வேகும். மாவை வட்டமாக வெட்டிக் குழியில் பதித்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி பூரணம் வையுங்கள். தாராளம் காட்டினால் பாகு கொதித்து வழிந்து, தட்டுக்கும் மாவுக்கும் இடையே மிட்டாயாக இறுகிவிடும். கத்தியால் நெம்பினால் அடிப்பாகம் தட்டிலேயே தங்கும். வெந்ததும் ஐந்து நிமிடம் பொறுத்து, பாகு இறுகுமுன் ஒவ்வொன்றையும் சற்றுத் திருப்பி எடுங்கள்.

பையை மேலே மூடும் மாவில் கீறல் போட மறப்பது

நீராவி தன் வழியைத் தானே பிளந்துகொள்ளும். நட்சத்திர வடிவில் மாவு வெட்டி வைப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மாவை அழுத்திப் பிசைவது

இது சப்பாத்தி மாவு அல்ல.

ஆறியதையே பரிமாறுவது

சூயட் இறுகிய பை நாக்கில் மெழுகாக ஒட்டும். 150 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வைத்தால் கொழுப்பு இளகி, பிராந்தி மணம் எழும்பும். மைக்ரோவேவில் வைத்தால் மேலே மாவு துவண்டுவிடும், உள்ளே பாகு நாக்கைச் சுடும். சூடான பையின் மூடியைத் தூக்கி, வெண்ணெயும் சர்க்கரையும் பிராந்தியும் அடித்துக் குழைத்த பிராந்தி பட்டரை ஒரு கரண்டி உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். அது உருகி இறங்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 5 வரை நாளுக்கு ஒன்று தின்றால் பன்னிரண்டு மாதமும் நன்றாக இருக்கும் என்பது இங்கிலாந்தில் பழைய நம்பிக்கை. ஆகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் சுட வேண்டாம். பச்சையாகவே தட்டோடு உறையவைத்து, பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தால், வேண்டியபோது எடுத்துத் தட்டில் வைத்து நேரே 200 டிகிரி ஓவனுக்கு அனுப்பலாம்.