செந்தூராவும் பித்தளைச் சொம்பும்: எண்ணெய் வண்ணத்தில் தீட்டும் முறை

கிருஷ்ணகிரியில் மாம்பழம் குவியும் மே, ஜூன் மாதங்களே எண்ணெய் வண்ணத்தில் பொருளோவியம், அதாவது பொருள்களை அடுக்கி வைத்துப் பார்த்து வரையும் ஓவியம், தீட்டிப் பழக ஏற்ற காலம். காம்போரம் சிவப்பேறிய செந்தூரா இரண்டு, மூக்கு வளைந்த பெங்களூரா ஒன்று, வீட்டில் புழங்கும் பித்தளைச் சொம்பு, அடியில் விரிக்க ஒரு பழைய வேட்டி ஆகியவை போதும். ஒன்றையொன்று சற்றே மறைக்கும்படி அவற்றை வையுங்கள். இடைவெளி விட்டு வரிசையாக வைத்தால் கடைப்பரப்புப் போலத் தோன்றும்.

ஒளி ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். வெயில் நேரே விழாது என்பதால் ஐரோப்பிய ஓவியர்கள் வடக்குச் சன்னலை விரும்பினார்கள். நம் ஊரிலோ ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே செல்வதால், மாம்பழப் பருவத்தில் அந்தச் சன்னலிலும் வெயில் புகும். ஆகவே சன்னலில் வெள்ளைத் துணியைக் கட்டி, நாள்தோறும் ஒரே நேரத்தில் அமருங்கள்.

ஜெஸ்ஸோ என்னும் வெண்பூச்சு பூசிய கேன்வாஸில், பர்ன்ட் அம்பர் என்னும் அடர்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, உருவங்களையும் நிழல்களையும் மட்டும் முதலில் தீட்டுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நிறங்கள் மங்கி, எது வெளிச்சம், எது இருள் என்பது தெளியும்.

அடுத்துப் பழத்தைத்தான் தொட வேண்டும். என் முதல் ஓவியத்தில் சொம்பின் பளபளப்பிலேயே நான்கு நாள்களைச் செலவிட்டேன். பச்சையாக வாங்கி வைத்த பெங்களூரா அதற்குள் மஞ்சளாகிவிட, நினைவிலிருந்து தீட்டிய பச்சை கடைசிவரை ஒட்டவேயில்லை. சொம்பு காத்திருக்கும், பழம் காத்திருக்காது.

மஞ்சளின் நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் அது பாசி நிறமாகிவிடும். அலிசரின் கிரிம்சன் என்னும் கருஞ்சிவப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்து கிடைக்கும் ஊதாவில் ஒரு துளியை மஞ்சளில் சேர்த்தால், நிழலிலும் பழம் பழமாகவே இருக்கும். பழம் வேட்டியைத் தொடும் இடத்தில் நூலளவு கருங்கோடு ஒன்று தெரியும். அதை விட்டுவிட்டால் பழம் அந்தரத்தில் மிதக்கும். அதற்குச் சற்று அப்பால், வெள்ளை வேட்டியின் மீது மாம்பழத்தின் மஞ்சள் மெல்லப் படிந்திருப்பதையும் தவறவிடாதீர்கள்.

சொம்புக்குத் தங்க நிறப் பெயின்ட் வேண்டாம். யெல்லோ ஓக்கர் என்னும் மண்மஞ்சளும் பர்ன்ட் அம்பரும் வெள்ளையுமே போதும். அதன் வயிற்றில் செந்தூரா வளைந்து நீண்டு தெரியும், சன்னல் ஒரு வெண்கீற்றாகச் சுருங்கியிருக்கும். அந்தக் கீற்றைக் கடைசியில், கெட்டியான வெள்ளையால், ஒரே இழுப்பில் வையுங்கள்.

அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சுகளில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். வண்ணத்தில் கலந்துள்ள ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த அடுக்கு கீழே இருந்தால், மேலே விரைந்து காய்ந்த அடுக்கு பின்னாளில் வெடித்துவிடும். இதே வினை வெப்பத்தையும் உண்டாக்குவதால், எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்தோ வெளியே தனித்தனியாக விரித்தோ போடுங்கள்.

தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் உள்ளே காய்வது தொடரும். வழக்கமான வார்னிஷைப் பூச ஆறு மாதமாவது, தடித்த பூச்சாக இருந்தால் ஓர் ஆண்டு, பொறுத்திருங்கள்.