ஹொட் டப் வந்திறங்கும் முன் வளவில் விடும் பிழைகள்

ஒன்ராறியோவில் வீட்டின் பின்வளவுக்கு ஹொட் டப் (சுடுநீர்க் குளியல் தொட்டி) வாங்குபவர்கள் அதன் நிறத்தையும் தண்ணீர் பீச்சும் ஜெற் எண்ணிக்கையையும் நாள்கணக்கில் பார்ப்பார்கள். அது எந்த வழியால் உள்ளே வரும் என்று பார்ப்பது குறைவு.

ஏழடிச் சதுர டப்பைக் கிடையாகக் கொண்டுவர மாட்டார்கள். ஒரு பக்கமாக நிமிர்த்தி, வண்டிலில் ஏற்றி உருட்டுவார்கள். அதனால் டப்பின் உயரமே பாதையில் அதன் அகலமாகிறது: டப் மூன்றடி என்றால் பொதியோடும் கை வைக்கும் இடத்தோடும் 42 அங்குலமாவது வேண்டும். வண்டிலோடு சேர்த்து மேலே எட்டடி வெளி தேவை. கேற்றை மட்டும் அளந்துவிட்டு நிற்பதுதான் முதல் பிழை. மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்துப் புதிய வீடுகள் பலவற்றில் இரு வீடுகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய வழியில்தான் காஸ் மீற்றரும் ஏசிப் பெட்டியும் இருக்கும். மீற்றரின் வெளி விளிம்பிலிருந்து எதிர்ச்சுவர் வரை அளவுங்கள். பீலிக்குழாயை ஒரு நாளைக்குக் கழற்றி வைக்கலாம். மீற்றரில் கை வைக்கக் கூடாது. மூலையில் திரும்ப ஏழடி நீளத்துக்கு இடம் உண்டா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கிரேன்தான். அதை ஓடர் கொடுக்கும்போதே பேசி முடியுங்கள்.

அடுத்தது தளம். 1,400 லீற்றர் தண்ணீரே 1,400 கிலோ. டப்பும் ஐந்தாறு பேரும் சேர்ந்தால் இரண்டு தொன்னைத் தாண்டும். வெறும் மண்ணில் பரவிய பேவிங் கற்கள் முதல் குளிர்காலத்திலேயே ஒரு பக்கம் எழும்பும், மறுபக்கம் தாழும். நிலத்தடி ஈரம் உறைந்து வீங்குவதே காரணம். டப் முறுகினால் அதன் தொட்டி ஓடு வெடிக்கும். சமனில்லாத தளத்தால் வந்த சேதத்துக்கு வொறன்ரியும் பொதுவாகக் கிடைக்காது. ஆறு அங்குலம் சரளைக்கல் போட்டு இறுக்கி, அதன்மேல் கம்பிவலையோடு குறைந்தது நான்கு அங்குலக் கொங்கிறீட் போடுங்கள். ஒரு வாரமாவது இறுக விடுங்கள். முழுப் பலம் வர 28 நாள்.

பழைய டெக்கின்மேல் வைக்கும் யோசனை இருந்தால் பொறியியலாளரிடம் காட்டாமல் வைக்காதீர்கள். சாதாரண டெக் சதுர அடிக்கு 40 இறாத்தல் அளவில் தாங்கக் கட்டப்படுவது. நிரம்பிய டப் 100 இறாத்தலை எட்டும்.

மின்சாரத்துக்கு வழமையாக 240 வோல்ற், 50 அம்ப், ஜிஎஃப்சிஐ பிறேக்கர் (மின் கசிந்தால் உடனே துண்டிப்பது). பனலில் இடம் இருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே கேளுங்கள். மின்கார் சார்ஜர் ஏற்கெனவே இருந்தால் சுமை மிஞ்சக்கூடும். மாகாண மின்பாதுகாப்பு அமைப்பான ஈஎஸ்ஏயின் அனுமதியும் அவசியம். வயருக்குக் கிடங்கு வெட்ட முன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) சேவைக்கு அறிவித்தால் நிலத்தடிக் குழாய்களை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். வேலி, பூட்டுமூடி விதிகள் நகரத்துக்கு நகரம் மாறும், நகரசபையிடம் கேளுங்கள்.

டப்பைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பம்ப் பழுதாகும்போது கழற்ற வழியிருக்காது. மோட்டர் இருக்கும் பக்கம் மூன்றடி விடுங்கள்.

நிரப்பும்போது தோட்டக்குழாயை இருக்கைப் பக்கம் போடாமல் ஃபில்ரரை எடுத்துவிட்டு அதன் குழிக்குள் விடுங்கள். அப்போதுதான் பம்பில் காற்று அடைக்காது. தண்ணீர் குறித்த மட்டத்துக்கு வருமுன் பிறேக்கரைப் போடாதீர்கள். தண்ணீரில்லாமல் ஓடினால் பம்பும் ஹீற்றரும் பழுதாகும்.