சுண்டெலிக்குள் மனித ரத்தம் வளர்ப்பது எப்படி

எலி அறையில் என் வேலை தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. ஆய்வுக்குப் புதிதாக வருபவர்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி, "எந்த எலி வாங்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "மனிதனில் எந்தப் பாகம் உங்களுக்கு வேண்டும்?" மனிதமயமாக்கிய சுண்டெலி என்ற பெயர் பெரிது, சரக்கு சின்னது. ரத்தத்தின் வெள்ளணுக்களில் ஒரு பங்கு, அல்லது கல்லீரலில் ஒரு பங்கு, சில வகைகளில் ஒரே ஒரு மரபணு. மீதி முழுக்க எலி.

அந்த ஒரு பங்கு ஏன் தேவை என்பதற்கு ஃபயாலூரிடின் கதை போதும். 1993-ல் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான அந்த மருந்தை 15 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். இன்னும் இருவர் மாற்றுக் கல்லீரல் வைத்துத்தான் பிழைத்தார்கள். அதற்கு முன் நடந்த விலங்குச் சோதனைகளில் இந்த நஞ்சு தெரியவே இல்லை. மனிதக் கல்லீரல் செல்கள் வளர்ந்த சுண்டெலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது கல்லீரல் கெட்டது பளிச்சென்று தெரிந்தது என்று 2014-ல் வெளியிட்டார்கள். உங்கள் கேள்வி கல்லீரல் என்றால் அந்த வகை எலியைத் தேடுங்கள். எனக்குப் பழக்கம் ரத்தமும் நோயெதிர்ப்பும்தான், அதையே சொல்கிறேன்.

மனித செல்லை விரட்டாமல் இடம் கொடுக்கும் எலி வேண்டும். 1983-ல், பிறவியிலேயே நோயெதிர்ப்பு குன்றிய ஸ்கிட் எலி கிடைத்தது. நோயெதிர்ப்பின் முக்கிய வெள்ளணுக்களான டி செல், பி செல் அதற்கு இல்லை, ஆனால் அந்நிய செல்லைக் கொல்லும் இயற்கைக் கொல்லி செல்கள் இருந்தன. அந்தக் கொல்லி செல்கள் வளரத் தேவையான ஐ.எல்.2 ஏற்பியின் காமா சங்கிலி என்ற புரதத்தையும் நீக்கிய பிறகுதான் கதவு உண்மையில் திறந்தது. 2002-ல் ஜப்பானில் என்.ஓ.ஜி., 2005-ல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் என்.எஸ்.ஜி. என்று இரண்டு எலி வகைகள் வந்தன. இரண்டுக்கும் அடிப்படை நாட் என்ற நீரிழிவு எலி இனம். அந்த இனத்தின் மேக்ரோஃபேஜ், அதாவது அந்நிய செல்லை விழுங்கும் வெள்ளணு, அதன் மேலுள்ள சிர்ப் ஆல்ஃபா புரதம் மனித செல்லின் மேலுள்ள சி.டி.47 புரதத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். 'இது நம்ம ஆள், விழுங்காதே' என்ற செய்தி அதற்குப் போய்விடும்.

அடுத்து எந்த செல்லை ஏற்றுவது? பெரியவர் ஒருவரின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, ஒரு எலிக்கு ஒரு கோடி வரை வால் ரத்தக்குழாயில் ஏற்றினால், சில வாரங்களில் மனித டி செல்கள் நிறையத் தெரியும். வேகமான வழிதான். ஆனால் அந்த டி செல்களுக்கு எலியின் உடம்பே அந்நியம். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் எலியைத் தாக்கத் தொடங்கிவிடும். முதுகு கூனும், ரோமம் சிலிர்த்து நிற்கும், எடை சரியும். மருந்தை இரண்டு மாதம் கொடுக்க வேண்டிய சோதனைக்கு இந்த வழியை எடுத்தால், மருந்து முடியும் முன் எலி முடிந்துவிடும்.

நீண்ட சோதனைக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த, சி.டி.34 என்ற அடையாளப் புரதம் உள்ள ஸ்டெம் செல்கள்தான் (ரத்த செல்களை உண்டாக்கும் தாய்ச் செல்கள்) சரி. பொறுமை வேண்டும். முதலில் பி செல்கள் வரும், டி செல்கள் பன்னிரண்டு வாரம் வாக்கில்தான் நல்ல அளவுக்குத் தலைகாட்டும். பிரித்தெடுத்த செல்களில் சி.டி.3 உள்ளவை, அதாவது முதிர்ந்த டி செல்கள், ஒரு சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று ஏற்றும் முன் பாருங்கள். அந்தக் கொஞ்சம் டி செல்லே பின்னால் மேலே சொன்ன கூனலைக் கொண்டுவரும். விலங்கு நெறிக் குழுவின் அனுமதி, செல் கொடுத்தவரின் ஒப்புதல், கிருமிச் சோதனை முடிவு மூன்றும் கைக்கு வராமல் எலிக்கு ஆர்டர் போடாதீர்கள்.

குட்டி பிறந்து ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் ஊசி போட வேண்டும். முதலில், புதிய செல்லுக்கு எலும்பு மஜ்ஜையில் இடம் உண்டாக்க, 1 கிரே (கதிர்வீச்சின் அலகு) அளவுக் கதிர்வீச்சு. ஸ்கிட் மாற்றம் உள்ள எலிக்கு டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் திறன் குறைவு, அதனால் மற்ற எலிக்குக் கொடுக்கும் அளவை இதற்குக் கொடுத்தால் செத்துப்போகும். சில மணி நேரம் கழித்து, 50 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் செல்களை 30 மைக்ரோலிட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியை விரலில் மல்லாக்க வைத்தால் தோல் வழியாகவே உள்ளே தெரியும்: இடப்பக்கம் வெள்ளையாகப் பால் நிறைந்த இரைப்பை, அதற்கு மேலே விலா ஓரமாகக் கருஞ்சிவப்பில் கல்லீரல். அந்தச் சிவப்பில்தான் 30 கேஜ் என்ற மெல்லிய ஊசி இறங்க வேண்டும். மெதுவாகத் தள்ளி, ஐந்து எண்ணி, அப்புறம் ஊசியை எடுங்கள். உடனே எடுத்தால் செல் தோலுக்கு வெளியே வழியும். அந்தத் துளி குட்டிக்குப் போகவில்லை என்று பொருள், குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். போட்ட குட்டியைத் தாயின் கூட்டுப் பஞ்சில் புரட்டிவிட்டு வையுங்கள். கையுறை வாடை இருந்தால் தாய் ஒதுக்கிவிடும், சில சமயம் தின்றும்விடும்.

கூண்டு, தீவனம், தண்ணீர் எல்லாம் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். இதில் சலுகை கிடையாது. வாரம் இருமுறை எடை பாருங்கள். தொடக்க எடையில் 20 சதவீதம் குறைந்தால் நிறுத்து என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட எல்லை. எல்லா எலியையும் கடைசி நாள் வரை இழுத்துப் போக வேண்டியதில்லை.

பன்னிரண்டாவது வாரம் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஃப்ளோ சைட்டோமீட்டரில், அதாவது செல்களை ஒவ்வொன்றாக வகை பார்த்து எண்ணும் கருவியில், பாருங்கள். சி.டி.45 வெள்ளணுக்களின் அடையாளப் புரதம். மனித சி.டி.45, எலி சி.டி.45 இரண்டுக்கும், அதில் ஒட்டி அடையாளம் காட்டும் ஆன்டிபாடி போட வேண்டும். மனிதனுக்கு மட்டும் போட்டுவிட்டு சதவீதம் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எதில் சதவீதம் என்று கேட்டால் முழிப்பார்கள். இரண்டையும் கூட்டி, அதில் மனிதப் பங்கு 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த எலியைச் சோதனைக்கு எடுக்கிறேன். செல் ஏற்றாத ஓர் எலியின் ரத்தமும் அதே நாளில், அதே குழாய் வரிசையில் ஓட வேண்டும்.

இப்போது நான் செய்த மடத்தனம். மூன்று தொப்புள்கொடிகள், 24 எலிகள். ஒவ்வொரு கொடியின் எலிகளும் சேர்ந்தாற்போலக் கூண்டுகளில் இருந்தன. பிரிக்கச் சோம்பல்பட்டு, கூண்டோடு மருந்துக் குழு, கூண்டோடு மருந்தில்லாக் குழு என்று வைத்துவிட்டேன். மருந்து அருமையாக வேலை செய்தது. இரண்டு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன். அப்புறம் ஒரு மாலை, அதே வரைபடத்தில் புள்ளிகளைக் கொடிவாரியாக நிறம் மாற்றிப் பார்த்தேன். மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு கொடியின் டி செல்கள் இயல்பிலேயே இரு மடங்கு, அந்த எலிகள் மொத்தமும் மருந்துப் பக்கம். ஆறு மாத உழைப்பு போயிற்று.

அதனால் ஒவ்வொரு கொடியின் எலிகளையும் எல்லாக் குழுக்களிலும் பிரித்துப் போடுங்கள். பிரிக்கும்போது மனித செல் சதவீதமும் குழுக்களிடையே சமமாக வரட்டும். முடிவில் எத்தனை மாதிரி என்று எழுதும்போது, எத்தனை எலி என்பதோடு எத்தனை கொடி என்பதையும் எழுதுங்கள். ஒரே கொடியிலிருந்து இருபது எலி என்றால், நீங்கள் பார்த்தது ஒரே ஒரு மனிதனை.

இந்த எலியிடம் கேட்கக் கூடாதவையும் உண்டு. நாட் இனத்துக்கு, செல்லைத் துளைத்துக் கொல்ல உதவும் காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரத வரிசையில் சி5 இல்லை, அதனால் காம்ப்ளிமென்ட் வழியாகக் கொல்லும் ஆன்டிபாடி மருந்தை இதில் சோதித்தால் வீண். நிணநீர் முடிச்சுகள் சரியாக வளராததால் ஆன்டிபாடி பெரும்பாலும் முதலில் உண்டாகும் ஐ.ஜி.எம். வகையோடு நின்றுவிடும், தடுப்பூசி ஆய்வுக்கு இது தலைவலி. மனித மோனோசைட், மேக்ரோஃபேஜ் போன்ற வெள்ளணுக்கள் அதிகம் வேண்டும் என்றால் மனித வளர்ச்சிக் காரணிகள் மூன்றைச் சுரக்கும் எஸ்.ஜி.எம்.3 எலி உண்டு. ஆனால் அதில் ரத்தசோகை வரும், சோதனைக்குக் கிடைக்கும் நாளும் குறையும்.

புற்றுக்கட்டி ஆய்வென்றால் இரண்டு ஒப்பீட்டுக் குழு வையுங்கள்: மனித செல் ஏற்றி மருந்து கொடுக்காதவை, மனித செல்லே ஏற்றாதவை. கட்டி ஒருவருடையது, ரத்தம் வேறொருவருடையது. மருந்தே இல்லாமலும் அந்த வேற்றாள் கட்டியை டி செல்கள் சுருக்கலாம்.

கடைசியாக, நோயாளியின் கட்டியைத் துண்டு போட்டு எலிக்கு எலி மாற்றி வளர்ப்பவர்களுக்கு ஒன்று. ஒரு மார்பகப் புற்றுக் கட்டியை நான்கு தலைமுறை வளர்த்தோம். வேகமாக, கைக்கு மெத்தென்று வளர்ந்தது. சந்தேகம் வந்து மனித சி.டி.45-க்குச் சாயம் போட்டால் துண்டு முழுக்க ஏறியது. கட்டியோடு சேர்ந்து வந்த மனித பி செல்களில் எப்ஸ்டைன்-பார் வைரஸ் ஒளிந்திருந்து, தடுக்க ஆளில்லாத எலியில் லிம்போமா என்ற வெள்ளணுப் புற்றாக மாறியிருந்தது. மார்பகப் புற்று எப்போதோ காணாமல் போயிருந்தது. இப்போதெல்லாம் முதல் தலைமுறையிலேயே ஒரு துண்டை ஃபார்மலினில் போட்டு, சி.டி.45 சாயம் பார்த்த பிறகுதான் அடுத்த எலியைத் தொடுகிறேன்.