இரண்டு பாலிட்ரைக்கம் பாசிகளைப் பிரித்தறிவது எப்படி?

பாலிட்ரைக்கம் ஜூனிபெரினம், பாலிட்ரைக்கம் பைலிபெரம் என்ற இரண்டு பாசி (moss) இனங்களும் அமிலத்தன்மையுள்ள, வெயில் படும் திறந்த மணற்பாங்கான நிலத்தில் வளர்பவை. சில இடங்களில் கலந்தே நிற்கும். 1801-இல் வெளிவந்த நூலிலேயே தாவரவியலாளர் ஹெட்விக் இவற்றைத் தனித்தனி இனங்களாக விவரித்துவிட்டார். ஆனாலும் புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கொஞ்சம் தண்ணீர், ஒரு கறுப்புத் துணி போதும். மைக்ரோஸ்கோப் இப்போதைக்குத் தேவையில்லை.

படி 1: நனையுங்கள்
காய்ந்திருக்கும்போது இரண்டின் இலைகளும் தண்டோடு ஒட்டிக் கிடக்கும். சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் பொறுங்கள், விரிந்துவிடும்.

படி 2: வேறு இனங்களை ஒதுக்குங்கள்
இலையின் மேற்புறத்தில் மெல்லிய பச்சைத் தகடுகள் வரிசையாக நிற்கும். நாம் தேடும் இரண்டிலும் இலை ஓரங்கள் உள்பக்கம் மடிந்து அந்தத் தகடுகளை மூடியிருக்கும். ஓரத்தில் பற்கள் இருக்காது. ஓரம் மடியாமல் ரம்பப் பற்களோடு இருந்தால் அது பாலிட்ரைக்கம் கம்யூனியாக இருக்கலாம். ஓரம் மடிந்திருந்தும் தண்டில் வெண்ணிற இழைகள் அடர்ந்து, இடமும் சதுப்பாக இருந்தால் பாலிட்ரைக்கம் ஸ்ட்ரிக்டமா என்று பாருங்கள்.

படி 3: இலை நுனி
முடிவு செய்வது இதுதான், அவசரப்படாதீர்கள். தண்டின் மேற்பகுதியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, கறுப்புத் துணிமேல் வையுங்கள். நடுநரம்பு நீண்டு நிறமற்ற வெள்ளை முடியாக வெளியே வந்தால் பைலிபெரம். லென்ஸில் அந்த முடியின் ஓரத்தில் நுண்ணிய பற்களும் தெரியும். நுனி குட்டையான செம்பழுப்பு முள்ளாக இருந்தால் ஜூனிபெரினம். பழைய இலைகளில் முடி முறிந்திருக்கலாம் என்பதால், வெவ்வேறு தண்டுகளிலிருந்து நாலைந்து இலைகளாவது பாருங்கள்.

படி 4: துணைச் சான்றுகள்
பைலிபெரம் பொதுவாகக் குட்டை. இலைகள் தண்டின் உச்சியில் நெருங்கியிருக்கும். ஜூனிபெரினம் உயரமாக வளரும், பெரும்பாலும் நீலம் கலந்த பச்சை. ஆனால் வறண்ட இடத்தில் ஜூனிபெரினமும் குட்டையாகிவிடும், அதனால் உயரத்தை மட்டும் நம்பக் கூடாது. நாலு மூலையுள்ள வித்துப்பை, அதன்மேல் ரோமத் தொப்பி, ஆண் செடியின் சிவந்த கிண்ணம் இவையெல்லாம் பார்க்க அழகுதான். ஆனால் இரண்டிலும் இருப்பதால் இங்கே உதவாது.

படி 5: பாதுகாப்பு
மாதிரிக்கு நாலைந்து தண்டுகள் போதும். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். காகித உறையில் போட்டு, எடுத்த இடம், தேதி, மண்ணின் தன்மை மூன்றையும் உறைமேல் எழுதிவிடுங்கள்.