ஊருக்குப் போய் வாகனம் ஓட்ட நினைப்போருக்கு: சாவிக்கு முன் பத்திரம்

யாழ்ப்பாணத்தில் மச்சானின் காரையோ மருமகளின் ஸ்கூட்டியையோ எடுத்துக்கொண்டு கிளம்புவது எளிது. சாவியைத் தருவதற்கு யாரும் தயங்கமாட்டார்கள். அது சட்டப்படி சரியா என்று கேட்பவர்கள்தான் குறைவு.

லண்டன், டொரொன்டோ, சூரிச் அனுமதிப்பத்திரம் மட்டும் கையில் இருந்தால் இலங்கையில் ஓட்ட முடியாது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமும் அப்படியே செல்லாது. அதற்கு இலங்கையில் அங்கீகாரம் பெறவேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். முன்பு இதற்கென்று கொழும்புக்கு அருகே வெரஹெரவில் உள்ள திணைக்கள அலுவலகத்துக்கு அலையவேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே திணைக்களத்தின் கருமபீடம் இருக்கிறது. பெட்டி எடுத்ததும் வெளியே ஓடாமல் அங்கே போய் அலுவலை முடித்துவிடுங்கள். கடவுச்சீட்டு, சொந்த நாட்டு அனுமதிப்பத்திரம், சர்வதேசப் பத்திரம் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

சர்வதேசப் பத்திரத்தைப் புறப்படும் முன்பே, நீங்கள் வாழும் நாட்டில் எடுக்கவேண்டும். பிரித்தானியாவில் பேபொயின்ட் (கட்டணம் செலுத்தும் சேவை) உள்ள கடைகளில் 5.50 பவுண்டுக்குக் கிடைக்கும். அங்கே 1949ஆம் ஆண்டு வகையைக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் இலங்கை ஏற்றுக்கொண்டது அந்த ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையைத்தான். ஜேர்மனியில் கிடைப்பது 1968 வியன்னா வகை. அங்கிருந்து வருபவர்கள் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுப்பதே பாதுகாப்பு. வெளிநாடு போகுமுன் எடுத்த பழைய இலங்கை அனுமதிப்பத்திரத்தைப் பெட்டிக்குள் தேடாதீர்கள். காலாவதியாகியிருந்தால் அது வெறும் தாள்.

கார் ஓட்டும் தகுதி இருப்பவருக்கு ஸ்கூட்டி ஓட்டும் தகுதி தானாக வந்துவிடாது. உங்கள் பத்திரத்தில் மோட்டார் சைக்கிள் வகுப்பு குறிக்கப்பட்டிருக்கவேண்டும். ஊரில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

பொலிஸ் மறித்தால் தண்டப்பணத்தோடு போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அனுமதிப்பத்திரம் இன்றி ஓட்டினால் தண்டம் 25,000 ரூபாயில் தொடங்குகிறது, ஆனாலும் உண்மையான இடி காப்புறுதியில்தான் விழும். செல்லுபடியாகும் பத்திரம் இல்லாத சாரதி இடித்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கலாம். அப்போது மற்றவரின் சிகிச்சையும் நட்டஈடும் உங்கள் தலையிலும், வாகனத்தைத் தந்த உறவினர் தலையிலும்தான். வாடகைக்கு எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த காரை நாட்கணக்கில் வாடகைக்கு விடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காப்புறுதி அட்டையை வாங்கிப் பாருங்கள்: வாடகைப் பாவனை என்று இருக்கிறதா, திகதி முடிந்துவிட்டதா? வருமான அனுமதிப்பத்திரமும் (வாகன வரி கட்டியதற்கான ஆண்டுப் பத்திரம்) வாகனத்துக்குள் இருக்கவேண்டும்.

வீதிக்கு வருவோம். இடப்பக்க ஓட்டம்; சுற்றுவட்டத்தில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி. கார்களுக்கு நகர்ப்புறத்தில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70, அதிவேகப் பாதையில் 100. ஜப்பானியக் கார்களில் சிக்னல் நெம்பு வலப்பக்கம் இருக்கும். ஐரோப்பிய வண்டி ஓட்டிப் பழகியவர்கள் திரும்பப் பார்த்து வைப்பரைப் போடுவார்கள். முதல் நாள் வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் கொஞ்சம் ஓடிப் பழகிவிட்டு வீதியில் இறங்குங்கள்.

எதிரே வருபவர் ஹெட்லைட்டை மின்னினால், பிரித்தானியாவில் பெரும்பாலும் ‘நீங்கள் போங்கள்’ என்று அர்த்தம். இங்கே ‘நான் வருகிறேன், ஒதுங்கு’ என்று அர்த்தம். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் குறுக்கே திரும்பினால் பஸ்ஸின் முன்னால் போய் நிற்பீர்கள். தனியார் பஸ்ஸோடும் அரசின் இ.போ.ச. பஸ்ஸோடும் உரிமை பேசாதீர்கள், இடம் விடுங்கள்.

கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் ஒரு பகலை விழுங்கும் ஓட்டம். விமானத்தில் தூங்காமல் வந்து இறங்கியவர் அன்றிரவே சாரதி ஆசனத்தில் ஏறுவது மடத்தனம். முதல் பயணத்துக்குச் சாரதியோடு ஒரு வான் பிடியுங்கள். சொந்தமாக ஓட்டுவதென்றால் பகலில் ஓட்டுங்கள். ஏ9 வீதியில் வவுனியா தாண்டினால் இரவில் மாடுகள் தாரில் படுத்திருக்கும். பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரங்கள் வரும். மாசி, பங்குனி அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயும், பாதி வீதிதான் மிஞ்சும். ஹபரணைப் பக்கமாகத் திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ போகிறவர்கள் பொழுது சாயுமுன் அந்தக் காட்டைக் கடந்துவிடவேண்டும். யானை வீதியில் நின்றால் ஹோன் அடிக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள், தூரத்திலேயே நிறுத்துங்கள்.

2014இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப வந்தபின், தடுப்பு இல்லாத கடவைகளில் விபத்துகள் நடந்திருக்கின்றன. கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, இரு பக்கமும் பார்த்தபின் கடவுங்கள்.

விபத்து நடந்தால் வாகனத்தை அசைக்காமல் முதலில் படம் எடுங்கள். காயக்காரர் இருந்தால் 1990 அம்புலன்ஸ் இலவசமாக வரும், பொலிஸுக்கு 119. காப்புறுதி அட்டையில் உள்ள இலக்கத்துக்கு அந்த இடத்திலிருந்தே அழையுங்கள். கையில் காசு கொடுத்துச் சமாளிக்கச் சொல்லும் கூட்டத்துக்கு மசிந்தால், பிறகு காப்புறுதி கேட்க முகாந்திரம் இருக்காது. காயம் பெரிதென்றால் நீதவான் நீதிமன்றம் வரை இழுபடும், திரும்பும் விமானத்தையும் தவறவிடலாம்.

சிறு குற்றத்துக்குத் தண்டச் சீட்டுத் தந்தால் பொலிஸ் உங்கள் அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொள்ளலாம். அப்படியானால், தபாலகத்தில் 14 நாளுக்குள் பணம் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி, அதே பொலிஸ் நிலையத்தில் பத்திரத்தை மீட்கலாம். தபாலகம் ஞாயிறும் போயாவும் பூட்டு. பயணத்தின் கடைசி வாரத்தில் சீட்டு விழுந்தால் அடுத்த வேலைநாள் காலையிலேயே போய் நில்லுங்கள்.